முன்னறைத் தொலைக்காட்சியில் ஊர்த் தேர்

நமது சங்கத்து அங்கத்தவர் வீடுகள் பலவற்றில் இன்று ஒரு விசித்திரமான நிலைமை காணப்படுகின்றது. பிள்ளைகளின் திருமணப் படங்கள், பேரப்பிள்ளைகளின் அரங்கேற்ற வீடியோக்கள், ஊர்க் கோயில் திருவிழாக்கள் யாவும் கணினிக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை ஆசையோடு பார்க்கக்கூடிய பெரியவர்களோ முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருக்கின்றார்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் பத்து அடிதான். அந்தப் பத்து அடியைக் கடப்பதற்கு வழி தெரியாமல் பல வீடுகளில் படங்கள் ஒரு பக்கமும் பார்ப்பவர் மறுபக்கமுமாக நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

இவ்விரண்டையும் இணைப்பதற்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி, சொந்த அநுபவத்தை வைத்துச் சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றேன். நான் பொறியியலாளன் அல்லன். முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆகவே கணக்கு எழுதுபவன் பார்வையிலேயே இதனையும் பார்த்தேன். எது வேண்டும், எது வேண்டாம், கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கின்றது என்பதே என் கேள்வி.

முதலில் ஒரு சிறு வரலாறு. கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைப்பது புதிய எண்ணம் அன்று. எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்தவர்களுக்கு 1982இல் வெளிவந்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினி நினைவிருக்கும். அதை உற்பத்தி செய்த நிறுவனம் ஐம்பதுகளில் நமது ரொறன்ரோவில் தட்டச்சு இயந்திர வியாபாரமாக வேர்கொண்டது. அந்தக் கணினிக்குத் தனித் திரை கட்டாயம் அன்று. வீட்டுத் தொலைக்காட்சியின் அன்ரெனாத் துவாரத்தில் வயரைச் செருகி, 3ஆம் அல்லது 4ஆம் சனலைத் திருப்பினால் போதும். எழுத்துகள் சற்று நடுங்கிக்கொண்டு தெரியும். அதுவே அன்று பெரிய அதிசயம்.

பின்னர் கணினி தொலைக்காட்சியை விட்டுப் பிரிந்து போயிற்று. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ. என்ற முறையைக் கொண்டுவந்தது. அதன் நுண்ணிய எழுத்துகளை அந்தக் காலத் தொலைக்காட்சியால் காட்ட இயலவில்லை. எனவே கணினிக்கு ஒரு மொனிற்றர், குடும்பத்துக்கு ஒரு தொலைக்காட்சி என்று வீட்டில் இரண்டு திரைகள் ஆகின. இரண்டையும் மறுபடி சேர்த்துவைக்க முயன்றவர்களுள் நம் அயலவர்களும் உண்டு. 1985இல் ஹொங்கொங்கிலிருந்து குடிபெயர்ந்து வந்த சிலர் ரொறன்ரோப் பகுதியில் ஏ.டி.ஐ. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மார்க்கம் நகரில் இருந்துகொண்டு உலகெங்கும் கிராபிக்ஸ் கார்டுகளை விற்ற நிறுவனம் அது. 1996இல் அவர்கள் வெளியிட்ட ஆல்-இன்-வொண்டர் என்ற கார்ட், தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கணினிக்குள் கொண்டுவரவும், கணினியின் படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பவும் வல்லதாயிருந்தது. 2006இல் ஏ.எம்.டி. என்ற அமெரிக்க நிறுவனம் அதனை 540 கோடி டொலர் மதிப்பில் வாங்கிக்கொண்டது. நம்மைப் போல் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் செய்த காரியம் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. என்ற பொதுவான இணைப்பு முறை வகுக்கப்பட்டது. படமும் ஒலியும் ஒரே வயரில் போகும் முறை இது. அதன்பின் கணினியும் தொலைக்காட்சியும் மீண்டும் சம்பந்தி ஆகிவிட்டன. இன்றைய தொலைக்காட்சி உண்மையில் ஒரு பெரிய மொனிற்றர்தான். எனினும் சம்பந்தம் ஒப்பேறுவதற்கு இரு வீட்டாரின் வழக்கமும் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டும் அல்லவா? அந்த நடுவர் வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் கார்ட்.

இனி எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகின்றேன்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு கிராமம். 1984ஆம் ஆண்டு அம்மன் கோயில் தேர்த் திருவிழாவை, சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த ஊரவர் ஒருவர் வீடியோ எடுத்தார். அதில் ஏறத்தாழ நாற்பது விநாடிகள், வடத்தின் முன்வரிசையில் எங்கள் அப்பா தேர் இழுத்துக்கொண்டு வருவார். அப்பா 1991இல் காலமானார். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது வீட்டில் இருந்த படங்களும் அல்பங்களும் போய்விட்டன. ஆகவே அப்பா நடமாடும் காட்சியாக எங்களிடம் எஞ்சியிருப்பது அந்த நாற்பது விநாடிகள்தான்.

அந்தக் கசெற்றின் பிரதி ஒன்று 1989இல் இலண்டன் வழியாக எங்களிடம் வந்துசேர்ந்தது. ஆவலோடு போட்டுப் பார்த்தால் திரையில் கோடுகள்தான் உருண்டன. இலங்கையும் இங்கிலாந்தும் பின்பற்றிய முறை பால். அது 625 கோடுகளும் விநாடிக்கு 25 படங்களும் கொண்டது. கனடாவில் வழங்கியதோ என்.டி.எஸ்.சி. அதற்கு 525 கோடுகள், விநாடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். கசெற்றின் உருவம் ஒன்றேயானாலும் உள்ளே எழுதப்பட்ட மொழி வேறு. இந்தத் துன்பத்தை அந்நாளில் அநுபவித்தவர்கள் நம்மிடையே பலர் இருப்பார்கள். நாங்களும் தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஒரு கடையில் கொடுத்து என்.டி.எஸ்.சி.க்கு மாற்றுவித்தோம். படம் வந்தது. ஆனால் பிரதியின் பிரதி ஆனபடியால் முகங்கள் மங்கிவிட்டன. அம்மா அதையே வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, நாடாவும் தேய்ந்துபோயிற்று.

2022இல் அந்தப் பழைய பால் கசெற்றை, பால் முறை இயந்திரம் வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துக் கணினிக் கோப்பாக ஆக்கினோம். மாற்றுப் பிரதியைவிட எவ்வளவோ தெளிவு. அப்பாவின் நெற்றித் திருநீறு தெரிந்தது. வலக் கன்னத்தில் இருந்த பழைய தழும்பும் தெரிந்தது. ஆனால் கணினி மேல்மாடியில் இருந்தது. அம்மாவுக்கு வயது எண்பத்தாறு. இடுப்பு எலும்பு முறிந்து சிகிச்சை செய்தபின் படி ஏறுவதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி பழுதானதால் சிறிய திரையில் முகம் பிடிபடாது. “தம்பி, அந்தத் தேர்க் கசெற்றை ஒருக்காப் பெரிசாப் போட்டுக் காட்டடா” என்பதுதான் அவர் கேட்டது.

இங்கே சிலர் குறுக்கிட்டு, ஒரு யு.எஸ்.பி. குச்சியில் போட்டுத் தொலைக்காட்சியிலேயே செருகினால் ஆகாதா என்பார்கள். நியாயமான கேள்வி. யூடியூப்பில் வரும் பஜனையோ கோயில் நேரடி ஒளிபரப்போ மட்டும் பார்ப்பதானால் கார்டே தேவையில்லை. தொலைக்காட்சியில் உள்ள வசதியோ, அதில் செருகும் ஒரு சிறு குச்சியோ போதும். கைப்பேசியில் எடுத்த படங்களுக்கும் அநேகமாக அது போதும். நாங்களும் யு.எஸ்.பி.யில் போட்டுப் பார்த்தோம். பழைய வீடியோவின் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாகப் பதியப்பட்டிருக்கும். ஒற்றைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைக் கோடுகள் மறு பாதி. அவற்றைச் சரிவரப் பின்னாவிட்டால், அசையும் பொருளின் ஓரமெல்லாம் சீப்பின் பல்லுப்போல் கிழிந்து தெரியும். எங்கள் பெட்டியில் தேர்வடமும் இழுப்பவர் கைகளும் அப்படித்தான் தெரிந்தன. கணினியில் இதைச் சீர்செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே உண்டு. ஆகவே கணினியைக் கீழே கொண்டுவருவது என்று முடிவாயிற்று.

அந்தக் கணினி மகன் 2019இல் தானே பொருத்தியது. அதன் மூளை ரைசன் 5 3600 என்னும் வகை. வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் படம் காட்டும் பகுதி அதனுள் கிடையாது. மகன் வேலை கிடைத்து வான்கூவர் போனபோது, விளையாட்டுக்காக வாங்கிய பெரிய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தன்னோடு கொண்டுபோய்விட்டான். மிஞ்சியது பேச வாயில்லாத மூளை. இந்த இடத்தில் அங்கத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினியின் பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. துவாரம் இருக்கும். ஆனால் மூளையினுள் படம் காட்டும் பகுதி இல்லையென்றால் அந்தத் துவாரத்தில் ஒன்றும் வராது. இன்டெல் மூளைகளில் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்தப் பகுதி இல்லை என்று பொருள். அது உள்ள மூளையானால் வயரைச் செருகிப் பாருங்கள். படம் வந்தால் புதிய கார்ட் வாங்காமலே காரியம் முடிந்துவிடலாம்.

எங்களுக்குக் கார்ட் வேண்டியிருந்தது. இது 2023இன் கடைசியில். கடைக்குப் போனால், விற்பவர் முதற்கேள்வியாகவே “என்ன விளையாட்டு விளையாடுவீர்கள்?” என்று கேட்டார். அம்மாவுக்கு எண்பத்தாறு வயது என்றேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியும் பெரிய கார்ட் ஒன்றையே எடுத்துக் காட்டினார். அதன் விலை நான் கடைசியில் வாங்கியதன் நாலு மடங்கு. என் தங்கையின் மகனும் அதற்கே சார்பு. சில புதிய கார்டுகளில் செயற்கை அறிவைக் கொண்டு பழைய வீடியோவைக் கூர்மையாக்கும் வசதி உண்டு, மாமா, அம்மம்மாவுக்கு அதுதான் நல்லது என்றான்.

அவன் வீட்டிலேயே அப்படியான ஒரு கார்ட் இருந்ததால், வாங்குமுன் நாற்பது விநாடியை அதில் ஓட்டிப் பார்த்தோம். படம் கூர்மையாகத்தான் வந்தது. மரங்களும் கோபுரமும் நன்றாயிருந்தன. ஆனால் அப்பாவின் முகம் மெழுகு பூசியது போல வழுவழுப்பாகிவிட்டது. கன்னத்துத் தழும்பைக் காணவில்லை. அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவன் அப்பாவைக் கண்டதில்லை. நாடாவில் பதியாத ஒன்றை இயந்திரம் தன் ஊகத்தால் நிரப்புகின்றது. ஊகம் அழகாயிருக்கலாம். அம்மா பார்க்க விரும்பியது அழகான ஒரு முகத்தை அன்று, அப்பாவின் முகத்தை. அந்த வசதிக்காகப் பணம் கொடுப்பதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன்.

அதன்பின் விலைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதினேன்.

முதலாவது, தொலைக்காட்சியின் பின்புறம் என்ன சொல்கின்றது? எங்களுடையது 50 அங்குல 4கே பெட்டி. 4கே என்றால் குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள். எச்.டி.எம்.ஐ. துவாரம் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி. ஆனால் உள்ளே தலைமுறைகள் உண்டு. 2009இல் வந்த 1.4 என்னும் தலைமுறை 4கே படத்தை விநாடிக்கு 30 தடவைதான் அனுப்பும். 2013இல் வந்த 2.0 அதனை 60 தடவை அனுப்பும். 2017இல் வந்த 2.1 இன்னும் பல மடங்கு வல்லது. 30 தடவை என்றால் மௌஸின் அம்புக்குறிகூட இழுபட்டுத்தான் நகரும். ஆகவே 4கே பெட்டிக்கு 2.0 தலைமுறையாவது உள்ள கார்ட் வேண்டும். சாதாரண எச்.டி. பெட்டிக்கு, அதாவது 1920க்கு 1080 புள்ளி உள்ளதற்கு, 1.4 தாராளமாகப் போதும். மேலும், பல கார்டுகளில் டிஸ்பிளே போர்ட் என்ற வேறொரு துவாரமே அதிகம் இருக்கும். வீட்டுத் தொலைக்காட்சிகளில் அது அநேகமாக இருப்பதில்லை. எச்.டி.எம்.ஐ. துவாரம் ஒன்றாவது உள்ள கார்டைப் பார்த்து எடுப்பது உத்தமம்.

இரண்டாவது, எதைப் பார்க்கப் போகின்றோம்? எங்கள் கசெற் பால் முறை. விநாடிக்கு 50 பாதிப் படங்கள். கனடாத் தொலைக்காட்சியின் வழக்கம் விநாடிக்கு 60. ஐம்பதை அறுபதில் காட்டும்போது, ஒவ்வொரு விநாடியிலும் பத்துப் படங்கள் இரண்டு முறை வரும். கமெரா மெல்லத் திரும்பும் இடங்களில் அது தடக்குத் தடக்கென்று தெரியும். கார்டையும் தொலைக்காட்சியையும் 50 ஹேர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் இந்தத் தடக்கு இல்லை. இன்றைய கார்டுகள் 50ஐத் தரக்கூடியவை. வட அமெரிக்காவில் விற்கும் சில பெட்டிகள் அதனை ஏற்பதில்லை. எங்கள் பெட்டியின் கைநூலைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கங்களில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன். 50 இருந்தது. ஊரிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்த கசெற் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள உறவினருக்கு இந்தக் கவலை இல்லை. அங்கு 50தான் வழக்கம்.

மூன்றாவது, இரைச்சல். பெரிய கார்டுகளில் இரண்டு மூன்று விசிறிகள் சுழலும். மேல்மாடி அறையில் அது பொருட்டன்று. முன்னறையில், காது கேட்கும் கருவி பூட்டிய ஒருவருக்குப் பக்கத்தில், அது நாள் முழுவதும் கேட்கும் தொல்லை. விசிறி இல்லாமல், உலோகத் தகடுகளாலேயே சூட்டைத் தணிக்கும் கார்டுகள் உண்டு. மின்சாரமும் அவற்றுக்குக் குறைவு. கணினிப் பலகையின் துவாரம் 75 வாட் வரை தரும். அதற்குள் அடங்கும் கார்டுக்கு வேறு மின்வயர் வேண்டாம். கணினிப் பெட்டி ஒல்லியானதாயின் அரை உயரக் கார்ட் வேண்டும் என்பதையும் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, ஒலி. எச்.டி.எம்.ஐ. வயரில் ஒலியும் போகும். பழைய வி.ஜி.ஏ. துவாரத்தில் போகாது. தனி ஒலிவயரும் தனி ஒலிபெருக்கியும் வைத்தால் இரண்டு ரிமோட் வேண்டும். பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு ரிமோட்டுக்கு மேல் வைப்பது சண்டைக்கு வழி.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தபோது தெரிவு தானாகவே குறுகிவிட்டது. மிக மலிவாகக் கிடைத்தது என்விடியாவின் ஜிடி 710. அது 2016இல் வந்தது. எச்.டி.எம்.ஐ. 1.4தான். கைப்பேசிகள் இப்போது பயன்படுத்தும் எச்.இ.வி.சி. என்ற வீடியோ முறையை விரிக்கும் பகுதியும் அதில் இல்லை. வழக்கமான மென்பொருள் புதுப்பிப்பும் 2021உடன் நின்றுவிட்டது. அதற்கு அடுத்த படி 2017இல் வந்த ஜிடி 1030. எச்.டி.எம்.ஐ. 2.0 உண்டு, எச்.இ.வி.சி. உண்டு, 30 வாட்தான் செலவு, விசிறியில்லாத வகையும் உண்டு. ஒரே பெயரில் இரண்டு வகை இருந்தன. ஜி.டி.டி.ஆர். 5 என்ற நினைவகம் உள்ளது ஒன்று, டி.டி.ஆர். 4 உள்ளது மற்றொன்று. பின்னது மிகவும் மந்தம். பெட்டியில் உள்ள சிறிய எழுத்தைப் படித்து முன்னதையே எடுத்தேன். ஏவி1 என்ற புதிய வீடியோ முறையை விரிக்கும் பகுதி இதில் இல்லை. யூடியூப்பில் அது இப்போது வழங்குகின்றது. ஆனால் எங்கள் கணினியின் ஆறு கரு மூளை அந்த வேலையைத் தானே செய்துகொள்ளக் கூடியது. பணம் நூறு டொலருக்குச் சற்று மேல்.

கார்டைப் பூட்டுவது பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகுள்ள சீர்ப்படுத்தல்தான் பொறுமை கேட்கும். படத்தின் நாலு ஓரமும் வெட்டுப்பட்டு வந்தது. தொலைக்காட்சிகள் பழைய வழக்கப்படி படத்தைச் சற்றுப் பெருப்பித்துக் காட்டும். அமைப்புகளில் ஜஸ்ட் ஸ்கான் அல்லது ஸ்கிரீன் ஃபிற் என்று இருப்பதைத் தெரிவு செய்தால் சரியாகும். பிறகு, அந்தத் துவாரத்தின் பெயரைப் பி.சி. என்று மாற்றினோம். எங்கள் பெட்டியில் அப்படிச் செய்ததும் எழுத்துகளின் நிறக்கசிவு போய்விட்டது. கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், கார்டும் பெட்டியும் நிற அளவில் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஒன்று 0 முதல் 255 வரையும், மற்றது 16 முதல் 235 வரையும் எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே அளவில் வைத்துவிட வேண்டும். ஒலி வராவிட்டால், கணினியின் ஒலி அமைப்பில் தொலைக்காட்சியின் பெயரைத் தெரிவு செய்தால் போதும். எழுத்தின் பருமனை 300 வீதமாக வைத்தோம். வயர் நீளம் ஐந்து மீற்றருக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் 4கே படம் விட்டு விட்டு வரக்கூடும்.

எல்லாம் முடித்து அம்மாவுக்குப் போட்டோம். தேர் அசைந்து வந்தது. சீப்புப் பல்லும் இல்லை, தடக்கும் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார்: “கொப்பர் எப்பவடா இப்பிடிக் கொழுத்தவர்?”

அவர் சொன்னது சரி. பழைய படம் நாலுக்கு மூன்று என்ற அளவில் எடுத்தது. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. தொலைக்காட்சி அதனை இழுத்து நிரப்பினால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு அகலித்துப் போவார்கள். அளவு விகிதத்தை நாலுக்கு மூன்று என்று திருத்தினோம். திரையின் இரு கரையிலும் கறுப்பு விழுந்தது. நடுவில் அப்பா பழையபடி ஒல்லியாக, வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். விழித்திரை பழுதான அந்தக் கண்களுக்கு அவருடைய உடல்வாகு தெரிந்திருக்கின்றது. கடைக்காரருக்கும் எனக்கும் தெரியாத தரப் பரிசோதனை அது. அன்று நாற்பது விநாடியை ஒன்பது தடவை ஓட்டினோம். வடத்தில் அப்பாவுக்குப் பின்னால் நின்ற பதினொரு பேரின் பெயரையும் அம்மா சொன்னார். எந்த வளவு, யார் வீட்டுப் பிள்ளை என்ற விபரத்தோடு சொன்னார். மகள் அதை எழுதிவைத்தாள். அவர்களுள் நால்வரின் பெயர் எனக்கே தெரியாமல் இருந்தது.

இன்று வாங்குபவர்களுக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஜிடி 1030க்கான வழக்கமான மென்பொருள் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபருடன் முடிந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று நிறுவனம் அறிவித்துள்ளது. வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. புதிதாக வாங்குபவர்கள் ஏவி1 முறையையும் விரிக்கக்கூடிய கார்டைப் பார்ப்பது நல்லது. இன்டெல்லின் ஆர்க் ஏ310 அத்தகையது. எச்.டி.எம்.ஐ. 2.1 வேண்டுமாயின் 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வகை உண்டு. இவ்விரண்டும் 75 வாட்டுக்குள் அடங்குபவை. ஏ.எம்.டி.யின் ஆர்எக்ஸ் 6400 கார்டிலும் எச்.டி.எம்.ஐ. 2.1 உண்டு. ஆனால் ஏவி1ஐ விரிக்கும் பகுதி அதில் இல்லை. பெரும்பாலும் இவற்றில் விசிறி இருக்கும். ஆகவே கணினிப் பெட்டியைச் சற்றுத் தள்ளி வைக்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டைவிட அவசரமான காரியம் ஒன்றுண்டு. வி.எச்.எஸ். கசெற் இயந்திரம் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பால் முறை இயந்திரம் இங்கு முன்னரே அரிது. இருப்பவையும் பழுதாகிக்கொண்டிருக்கின்றன. காந்த நாடாவும் வருடம் போகப் போக உதிரும். கார்ட் அடுத்த வருடம் இன்னும் நல்லதாக, இன்னும் மலிவாகக் கிடைக்கக்கூடும். கசெற்றும் அப்படியன்று, அதில் நிற்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய நம் பெரியவர்களும் அப்படியன்று. ஆகவே அலுமாரியின் மேல்தட்டில் கசெற் வைத்திருப்பவர்கள் முதலில் அதனைக் கணினிக்கு மாற்றுவியுங்கள். மாற்றும்போது மூலக் கசெற்றையே கொடுங்கள், என்.டி.எஸ்.சி.க்கு மாற்றிய பிரதியைக் கொடுக்க வேண்டாம். போட்டுக் காட்டும்போது பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கட்டும்.

ஐயமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் மண்டபத்தில் என்னைக் காணலாம். வரும்போது தொலைக்காட்சியின் பின்புறத்தையும் கணினியின் பின்புறத்தையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள். அந்த இரண்டு படமும் இருந்தால் பாதி விடை கிடைத்துவிடும். வீட்டில் யார் பார்க்கப் போகின்றார் என்பதையும் சொல்லுங்கள். மிச்சப் பாதி அதில் இருக்கின்றது.